வீவக வாடகை அனுமதி: ஆறு பேரா, எட்டுப் பேரா, ஓனர் கூடவே இருக்க வேண்டுமா?

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடு, நான்கறை அல்லது அதைவிடப் பெரியது என்றால் உறவுமுறை இல்லாத எட்டுப் பேர் வரை தங்கலாம் என்று 2024 ஜனவரி 22 முதல் விதியைத் தளர்த்தினார்கள். அன்றிலிருந்து எங்கள் பேட்டையில் லிஃப்டில் ஏறினாலும் இதே பேச்சு, காப்பிக்கடையில் உட்கார்ந்தாலும் இதே பேச்சு. ஒருத்தர் பழையபடி ஆறு பேர் போதும் என்கிறார், இன்னொருத்தர் புளோக்குக்கு இத்தனை வாடகை வீடுதான் என்று கறாராக எல்லை போடச் சொல்கிறார், மூன்றாமவர் ஓனர் கூடவே குடியிருந்தால் மட்டும் வாடகைக்கு விடட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்கிறார். எட்டு என்பது தற்காலிகம்தான் என்று அறிவித்தபோதே சொல்லிவிட்டார்கள், அதனால் இதை மறுபடி எடுத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்துதான் ஆக வேண்டும். நான் பல காலம் அறை வாடகைக்கு எடுத்துத் தங்கினவன், இப்போது சொந்த வீட்டில் இருக்கிறேன், இரண்டு பக்கத்துக் கஷ்டமும் தெரியும். அதை வைத்து இந்த வழிகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்க்கிறேன்.

யாரிடம் கேட்பது என்பதில் நிறையப் பேருக்குக் குழப்பம் இருக்கிறது. நகர மன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; லிஃப்ட், குப்பை, தாழ்வாரம் கழுவுவது, பொது இடப் பராமரிப்பு இவைதான் அவர்கள் வேலை. வாடகை அனுமதி வீவக கையில் இருக்கிறது, கொண்டோ, தரைவீடு போன்ற தனியார் வீடு என்றால் விதி போடுவது நகர மறுசீரமைப்பு ஆணையம். வெளிநாட்டில் மாநகர சபை உட்கார்ந்து ஒரு குடியிருப்புப் பகுதிக்கு மட்டும் வாடகை உரிமம் பற்றி விவாதிப்பதுபோல இங்கே நடக்காது. நாம் கேட்கிற விதி ஈசூனுக்கும் சரியாக வர வேண்டும், ஜூரோங்குக்கும் சரியாக வர வேண்டும்.

இப்போது இருப்பது இதுதான். அறை வாடகைக்கு விட, ஓனர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், வீடு மூவறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். வீடு முழுவதையும் விட, குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும், வழக்கமான வீடுகளுக்கு அது ஐந்து ஆண்டு, அதுவும் ஓனர் குடிமகனாக இருந்தால்தான். நிரந்தரவாசிக்கு அந்த அனுமதி கிடையாது. ஆள் குடிவருவதற்கு முன்பே வீவக அனுமதி வாங்க வேண்டும், ஒரு தடவை விட்டால் குறைந்தது ஆறு மாதம். வாடகைக்கு வந்தவர் இன்னொருவருக்கு உள்வாடகை விடக் கூடாது.

சரி, முதலில் தலைக்கணக்கு.

இந்த எண் இதற்கு முன்பும் ஏறி இறங்கியிருக்கிறது. 2018 மே மாதத்துக்கு முன்னால் நான்கறை வீட்டுக்கு ஒன்பது பேர் வரை அனுமதி இருந்தது, அதை ஆறாகக் குறைத்தார்கள், பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு குறையட்டும் என்பதுதான் நோக்கம். அப்புறம் கொவிட் வந்து கட்டுமானம் தாமதமானது, பிடிஓ திட்டத்தில் புது வீவக வீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்த குடும்பங்களும் வாடகைக்கு வந்து நின்றன, 2022-ல் மட்டும் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு 29.7 விழுக்காடு ஏறியது. வீவக வாடகையும் கூடவே ஏறியது. அந்த நெருக்கடியில் வந்ததுதான் எட்டு.

அந்த இரண்டு தலை கூடுவது அறை தேடுகிறவனுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். நான்கறை வீட்டுக்கு மாதம் 3,200 வெள்ளி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஆறு பேர் பிரித்தால் ஆளுக்கு 533, எட்டுப் பேர் பிரித்தால் 400. எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இருக்கிற ஒரு தம்பிக்கு மாதம் 133 வெள்ளி என்பது ஊரில் அம்மாவின் மருந்துச் செலவு, தங்கையின் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பங்கு. இதைச் சின்னத் தொகை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எட்டுப் பேர் என்றால் கூட்டம், ஆறு பேர் என்றால் பரவாயில்லை என்று பேசுகிறவர்கள் மூவறை வீட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. மூவறை வீட்டுக்கு ஆறு பேர் என்ற விதி தளர்வுக்கு முன்னும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நான்கறை வீடு ஏறக்குறைய 90 சதுர மீட்டர், எட்டுப் பேர் என்றால் ஆளுக்குப் பதினொன்றுக்குக் கொஞ்சம் மேல். மூவறை வீடு 60, 65 சதுர மீட்டர், அதில் ஆறு பேர் என்றால் ஆளுக்குப் பத்து, பத்தேமுக்கால். ஆக, யாரும் குறை சொல்லாத மூவறை ஆறு, எல்லாரும் குறை சொல்கிற நான்கறை எட்டைவிட நெருக்கமானது. நெருக்கடிதான் பிரச்சினை என்றால் அங்கிருந்தல்லவா ஆரம்பிக்க வேண்டும்? காலையில் இரண்டு கழிவறைக்கு எட்டுப் பேர் வரிசை நிற்பது கஷ்டம்தான், ஆனால் அந்தக் கஷ்டம் உள்ளே இருப்பவர்களுக்கு. வெளியே இருக்கும் நமக்கு வருவது வேறு மாதிரித் தொல்லை.

அந்தத் தொல்லை எப்படி வருகிறது என்று என் வீட்டிலேயே பார்த்தேன். எங்கள் கழிவறைக் கூரையில் முதலில் மஞ்சளாக ஒரு வட்டம் விழுந்தது, அப்புறம் சாயம் பொருக்குப் பொருக்காக உரிந்தது, அப்புறம் சொட்ட ஆரம்பித்தது. மேல் வீட்டில் இருந்தவர்கள் தமிழ்நாட்டுப் பையன்கள், ஆறு பேருக்கு உள்ளேதான், விதிப்படிதான். கதவைத் தட்டினேன். "அண்ணா, எங்க பாத்ரூம்லயும் ஓரமா தண்ணி நிக்குது, ஏஜெண்ட்டுக்கு மெசேஜ் போட்டுட்டோம், பார்த்துட்டார், பதில் வரல" என்று போனை எடுத்துக் காட்டினான் ஒருவன், நீல டிக் விழுந்திருந்தது. ஓனர் வெளிநாட்டில் இருந்தார். ஏஜெண்ட்டோ தான் ஆள் பிடித்துக் கொடுத்ததோடு சரி என்றார். இந்த மாதிரிக் கூரை ஒழுகலுக்கு வீவக உதவித் திட்டம் இருக்கிறது, செலவில் பாதியை வீவக ஏற்கும், மீதியில் மேல் வீட்டு ஓனர் 25 விழுக்காடு, கீழ் வீட்டு ஓனர் 25 விழுக்காடு. என் பங்குக்கு நான் அன்றைக்கே தயார். ஆனால் மேல் வீட்டு ஓனர் சம்மதம் சொல்ல வேண்டுமே? வாடகைக்கு இருக்கும் பையன்கள் கையெழுத்துப் போட முடியாது, அவர்கள் வீடும் இல்லை. அவர்கள் ஆறு பேராக இல்லாமல் இரண்டு பேராக இருந்திருந்தாலும் என் கூரை இப்படித்தான் ஒழுகியிருக்கும்.

அதனால்தான் எண்ணிக்கையைக் குறைப்பது நல்ல தீர்வு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எண்ணிக்கைக்கு ஒரு நன்மை உண்டு, எண்ணலாம். அதிகாரி வந்து கதவைத் தட்டினால் கட்டில்களை எண்ணிவிட்டுப் போகலாம். அதைத் தாண்டி அதற்கு அவ்வளவு பலம் இல்லை.

இரண்டாவது வழி ஒதுக்கீடு. இதுவும் புதிதல்ல, 2014 ஜனவரியிலிருந்து இருக்கிறது. ஒரு பேட்டையில் 8 விழுக்காடு வீடுகள், ஒரு புளோக்கில் 11 விழுக்காடு வீடுகள், அதற்கு மேல் குடிமக்கள் அல்லாதவர்களுக்கு முழு வீடாக வாடகைக்கு விட முடியாது. மலேசியர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை. நூறு வீடு இருக்கிற புளோக்கில் பதினொரு வீடு நிறைந்துவிட்டால் அடுத்த ஓனர் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோதான் முழு வீட்டை விடலாம். ஈப்போவிலிருந்து வந்த தமிழர் தாராளமாக எடுக்கலாம், திருச்சியிலிருந்து வந்த தமிழருக்கு அந்த மாதம் கதவு அடைப்பு.

ஒரே புளோக்கில் வெளிநாட்டவர் மொத்தமாகக் குவிந்து தனித் தீவுபோல ஆகிவிடக் கூடாது என்ற எண்ணத்தை நான் மதிக்கிறேன். 1989 முதல் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் அதே சிந்தனையில் வந்ததுதான், அது வீடு வாங்குவதற்கு, இது வாடகைக்கு. ஆனால் இதை இன்னும் இறுக்க வேண்டும், 11-ஐ 5 ஆக்க வேண்டும் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. இது முழு வீட்டுக்கு மட்டும்தான் பொருந்தும், அறை வாடகைக்குப் பொருந்தாது. முழு வீட்டுக்கு இறுக்கினால் என்ன ஆகும்? ஓனர் ஒரு படுக்கையறையைப் பூட்டிவிட்டு, அறை வாடகை என்று பதிவு செய்துவிட்டு, தான் வேறு இடத்தில் போய் இருப்பார். இது தெளிவான விதிமீறல், வீவக வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம், அப்படியிருந்தும் செய்கிறவர்கள் செய்கிறார்கள். இறுக்கினால் அந்தப் பூட்டிய அறைகள்தான் கூடும். ஒழுகலுக்குக் கதவைத் தட்டினால் அங்கே இருப்பவர்கள் ஓனர் பெயரைச் சொல்லவே பயப்படுவார்கள்.

மூன்றாவது வழி, ஓனர் கூடவே குடியிருக்க வேண்டும் என்பது. மனதுக்கு மிகப் பிடித்த வழி எது என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன், ஏனென்றால் ஒழுகுகிற கூரைக்குக் கதவைத் தட்டினால் சம்மதம் சொல்லும் ஆள் அங்கேயே இருப்பார். அரசாங்கத்துக்கும் இந்தச் சிந்தனை அந்நியம் இல்லை. 2021-ல் அறிமுகமான, நல்ல இடங்களில் கட்டும் பிரைம் வகை வீவக வீடுகளில் பத்து ஆண்டு குடியிருந்த பிறகும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது, அறை மட்டும் விடலாம். பின்னால் வந்த பிளஸ் வகைக்கும் அதே. சொத்து வரியும் இதைப் பார்த்துத்தான் போடுகிறார்கள். ஆண்டு மதிப்பு, அதாவது ஓர் ஆண்டு வாடகைக்கு விட்டால் வரும் என்று மதிப்பிடும் தொகை, 12,000 வெள்ளி உள்ள வீட்டில் ஓனர் குடியிருந்தால், ஓர் அறையை வாடகைக்கு விட்டிருந்தாலும், 2025 முதலான கணக்கில் வரி ஒன்றும் இல்லை. அதே வீட்டை முழுசாக விட்டுவிட்டு வெளியே போனால் 12 விழுக்காடு, அதாவது 1,440 வெள்ளி.

ஆனால் இதை எல்லா வீவக வீட்டுக்கும் விரித்தால் அடிபடப் போவது யார்? அறை தேடி அலைந்த யாரையும் கேளுங்கள். விளம்பரங்களில் "நோ ஓனர் ஸ்டேயிங்" என்று தனியாகப் போடுவார்கள், அதற்காகவே ஐம்பது, நூறு வெள்ளி கூடக் கொடுக்க ஆள் இருக்கிறது. ஓனர் இருக்கிற வீட்டில் "லைட் குக்கிங்" மட்டும், அதாவது மேகி போடலாம், முட்டை அவிக்கலாம், மீன்குழம்பு வைக்கக் கூடாது, கடுகு தாளித்தால்கூட ஜன்னலைத் திற என்பார்கள். ஏர்கான் இரவு ஒன்பது மணிக்கு மேல், துணி துவைப்பது வாரத்துக்கு ஒருநாள், ஊரிலிருந்து அப்பா வந்தால் ஹோட்டலில் தங்கட்டும். நான் தங்கியிருந்த ஒரு வீட்டில் குளிர்பதனப் பெட்டியில் எனக்கு ஒதுக்கிய தட்டு ஒன்றுதான், அதில் தயிர் டப்பா வைத்தால் காய் வைக்க இடம் இருக்காது. அந்த ஆண்ட்டி நல்லவர், காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவர், அவருடைய வீட்டில் அவருக்கு வேண்டிய ஒழுங்கு அவருக்கு. ஆனாலும் வேலை முடிந்து போய் நிம்மதியாகக் காலை நீட்டுகிற இடமாக அது இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், ஓனர் தன் கூடவே ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் யாரை வைத்துக்கொள்வது என்று பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பார். இந்தியர்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே விளம்பரம் போட்ட காலம் ஒன்று இருந்தது, நம்மில் பலர் அதைப் படித்துவிட்டுப் பேசாமல் அடுத்த விளம்பரத்துக்குப் போனவர்கள். ஏஜெண்டுகள் இனத்தையோ நாட்டையோ குறிப்பிட்டு விளம்பரம் போடக் கூடாது என்று ஏஜெண்டுகளைக் கண்காணிக்கும் மன்றத்தின் வழிகாட்டி சொல்கிறது. இருந்தாலும் போனில் "என்ன இனம்?" என்று கேட்டுவிட்டு "அறை போயிடுச்சு" என்று வைத்துவிடுவதை எந்த வழிகாட்டியும் தடுக்காது. முழு வீட்டை நான்கு நண்பர்கள் சேர்ந்து எடுப்பது என்பது அந்தக் கேள்வியிலிருந்து நம் ஆட்களுக்குக் கிடைத்த ஒரு விடுதலை. அந்த வாய்ப்பை எடுத்துவிட்டால் நம் ஆட்களுக்குத்தான் முதல் அடி விழும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓனர் பக்கத்திலும் பாருங்கள். மகள் வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்காமார்கள் எத்தனை பேர் தங்கள் மூவறை வீட்டை வாடகைக்கு விட்டு அந்தக் காசில் மருந்துச் செலவையும் பணிப்பெண் சம்பளத்தையும் பார்க்கிறார்கள்! ஓனர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்றால் அவர் மகளை விட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களோடு போய் உட்கார வேண்டும், அல்லது வீட்டை விற்க வேண்டும். இரண்டும் நியாயமாகப் படவில்லை.

கால அளவைப் பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றும் இல்லை. வீவகவில் ஆறு மாதம், தனியார் வீட்டில் 2017 முதல் மூன்று மாதம். நாள் வாடகை, வார வாடகையைத் தனியார் வீடுகளில் அனுமதிக்கலாமா என்று 2018-ல் மக்களிடம் கருத்துக் கேட்டு, 2019-ல் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். 2018-லேயே விதியை மீறிய இருவருக்கு ஆளுக்கு 60,000 வெள்ளி அபராதம் விழுந்தது. அந்த விதி அப்படியே இருக்கட்டும். இதில் நியூயார்க் செய்தது கவனிக்கத்தக்கது: 2023 செப்டம்பரிலிருந்து அங்கே 30 நாளுக்குக் குறைவாக விட்டால் வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தினர் இரண்டு பேருக்கு மேல் கூடாது. இரண்டு நாளில் போய்விடுகிறவர் விஷயத்தில் அது சரி. இங்கே நாம் பேசுவது இரண்டு ஆண்டு இருக்கப் போகிறவரைப் பற்றி.

என்னைக் கேட்டால் எட்டு எட்டாகவே இருக்கட்டும், ஒதுக்கீடும் இருக்கிற அளவிலேயே இருக்கட்டும். ஓனர் குடியிருக்காத வீட்டுக்கு அனுமதி கொடுக்கும்போது மட்டும் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும்: சிங்கப்பூரிலேயே இருக்கும் ஒருவர், ஓனர் சார்பில் பழுதுபார்ப்புக்குச் சம்மதக் கையெழுத்துப் போடும் அதிகாரத்தோடு, விண்ணப்பத்திலேயே பதிவாக வேண்டும். ஓனரின் தம்பியாக இருக்கலாம், மகனாக இருக்கலாம், சம்பளத்துக்கு வைத்த ஏஜெண்டாகவும் இருக்கலாம். அவர் பெயர் இல்லாமல் அனுமதி இல்லை, அவர் மாறினால் புதியவரைப் பதிய வேண்டும், தொடர்ந்து பதில் சொல்லாமல் இருந்தால் அடுத்த முறை அனுமதி புதுப்பிக்கப்படக் கூடாது.

ஓனருக்குக் கூடுதல் சுமை என்பார்கள். இப்போதே வெளிநாட்டவருக்கு விடுகிற ஓனர் அவருடைய வேலை அல்லது தங்கும் அனுமதியின் அசல் பாஸைப் பார்க்க வேண்டும், அதைக் கடப்பிதழோடு ஒப்பிட வேண்டும், அது செல்லுபடியாகிறதா என்று மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு ஆணையத்திடமோ சரிபார்க்க வேண்டும். அதைச் செய்கிறவருக்கு இது பெரிய சுமை இல்லை. காசு விஷயம் என்றால், வாடகை வருமானத்தில் 15 விழுக்காட்டை ரசீது இல்லாமலே செலவாகக் கழித்துக்கொள்ள வருமான வரியில் அனுமதி இருக்கிறது. 3,200 வெள்ளி வாடகைக்கு அது மாதம் 480. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் செலவாகும் என்று ஒப்புக்கொண்டுதானே அந்தக் கழிவைக் கொடுக்கிறார்கள்? அதில் ஒரு பகுதி நிஜமாகவே வீட்டைப் பார்த்துக்கொள்ளப் போகட்டும்.

இதில் வாடகைக்கு இருப்பவருக்கும் லாபம் உண்டு. முன்பணம் திரும்ப வராமல் போன கதை நம் நண்பர்கள் வட்டத்தில் ஏராளம். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தம் என்றால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. போகலாம்தான், ஆனால் ஓனர் பெர்த்திலோ துபாயிலோ இருந்தால் முதலில் யாரைப் பிடித்துப் பேசுவது? மேல் வீட்டுப் பையன்களுக்கும் எனக்கும் அன்றைக்குத் தேவைப்பட்டது ஒரே ஆள்தான், கூப்பிட்டால் போனை எடுத்து, வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடுகிற ஒரு ஆள்.

அந்த நபரின் தொலைபேசி எண்ணைப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் கொடுப்பதா என்று ஒருவர் கேட்டார். வேண்டியதில்லை. எண் வீவகவிடம் இருக்கட்டும், நாம் கிளை அலுவலகத்தில் புகார் கொடுத்தால் அவர்கள் அந்த எண்ணுக்கு அனுப்பட்டும், பதில் வந்த தேதி பதிவாகட்டும். புகார் என்ற பெயரில் சாம்பார் வாசனைக்கெல்லாம் ஆள் அனுப்பும் பக்கத்து வீட்டுக்காரர்களும் உண்டு என்பதால், கட்டாயப் பதில் ஒழுகல், மின்சாரம், தீ ஆபத்து, அளவுக்கு மேல் ஆள் தங்குவது இந்த நான்குக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குப் போகும்போது இதை எழுதி எடுத்துக்கொண்டு போகப் போகிறேன், மூவறை வீட்டுக் கணக்கையும் சேர்த்து.